பின்பக்கத்துப் பொயிலரும் பக்கத்து வீட்டு எலேனியும்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுப் பொயிலரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் குழாயை அறுத்தான், மற்றவன் அதைப் பார்த்துக்கொண்டு சிகரெட் குடித்தான். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. இப்போது அந்த இடத்தில் சுவரோடு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. காஸில் வேலை செய்கிறது. சாம்பல் இல்லை, கரி இல்லை, விடியற்காலையில் எழும்பி அதன் வாயைத் திறந்து பார்க்கிற தொல்லை இல்லை. ஐந்து வயது மகள் வாணி, "குட் பை, ஸ்மெல்லி" என்று அதற்குக் கைகாட்டி அனுப்பினாள். நான் மட்டும் லொறி மூலை திரும்பும்வரை படலையடியில் நின்றேன்.

மனைவி மலர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, மகளைக் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி நிக்கிறியள்?" என்றாள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் பொயிலர் என்றதும் ஆலையையும் புகைக்கூண்டையும் நினைக்க வேண்டாம். இங்கே மெல்பேர்ணில் பழைய வீடுகளின் பின்பக்கத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குள், ஒரு ஆள் உயரத்தில் இரும்புப் பீப்பா ஒன்று நிற்கும். மேல் வாயால் கரிக்கட்டியைக் கொட்டவேண்டும். அது தானாகச் சரிந்து இறங்கி அடியில் எரியும். எரிந்து முடிந்தது சாம்பல் தட்டில் விழும். அந்தச் சூட்டில்தான் வீட்டுக்குச் சுடுதண்ணீர். கரிக்கட்டியை இங்கே பிரிக்கெற் என்பார்கள். கபில நிறம், சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது. விறகும் கரியும் விற்கும் விறகுகாலையிலிருந்து சாக்கில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பொயிலரின் தணல் ஒரு தாச்சிச் சட்டியளவு எங்கள் படுக்கையறைக்குள் போனது. கொண்டுபோனவன் நான். மலரும், பிறந்து முப்பத்தொரு நாளான பிள்ளையும் என் கையைவிட்டுப் போகப் பார்த்தார்கள். ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நன்றி சொல்லத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை, வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2

நாங்கள் வந்தது எழுபத்துநாலாம் ஆண்டு தை மாதம். வெயில் கொளுத்தியது. இதுதானா அவுஸ்திரேலியா, எங்கள் பருத்தித்துறை மாதிரியல்லவா இருக்கிறது என்று மலர் சிரித்தாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். நோர்த்கோட்டில் ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டைக் காட்டவந்த ஏஜென்ட் பின்பக்கத்துப் பொயிலரைக் காட்டி, இதைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா என்று கேட்டான். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

நான் ஊரில் ஓர் ஆலையில் பத்து வருடம் பொயிலர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன். முப்பது அடி உயரப் பொயிலர் மூன்று, என் கீழே பதினாறு பேர். அதற்குள் துப்புரவுக்கு இறங்குபவனின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒரு ஆளை நிறுத்தித்தான் இறக்குவேன். நச்சுக் காற்றுக்கு மணம் கிடையாது, கயிறு இல்லாமல் இறங்கினால் சீட்டுக் கிழியும் என்று அறிவித்தல் எழுதித் தொங்கவிட்டவன் நான். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறகு வெட்கப்பட உதவும்.

ஆனால் இந்த நாட்டில் என் படிப்புக்கு முத்திரை குத்தவேண்டிய கந்தோரிலிருந்து மாதத்துக்கு ஒரு கடிதம்தான் வந்தது. ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு தாள் தேவை என்று இருந்தது. அந்தத் தாளை அனுப்பினால், அதை உறுதிப்படுத்தி இன்னொரு தாள். அதுவரைக்கும் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலை. என்றாலும் எந்தப் படிவத்திலும் தொழில் என்ற கட்டத்தில் 'பொறியியலாளர்' என்று பெரிய எழுத்தில்தான் எழுதுவேன்.

குளிர் தொடங்கியதும் அந்தப் பீப்பா என் வீம்பை அடக்கியது. மூட்டிய மூன்றாம் நாள் அணைந்தது. திரும்ப மூட்டினேன், திரும்ப அணைந்தது. காரணம் கரியில்லை, காற்றுமில்லை. எங்கள் வீட்டுச் சட்டம். விளக்கு வைத்த பிறகு அடுப்புச் சாம்பல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, இலட்சுமி கூடப் போய்விடுவாள் என்று மலர் பிடிவாதமாக இருந்தாள். இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணி தாண்டவே இருட்டிவிடும். நான் வேலையால் வருவது ஆறு மணிக்கு. காலையில் ஆறுக்கு ஓடவேண்டும். பிறகு எப்போது சாம்பல் அள்ளுவது? வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை அள்ளவிடவும் மனமில்லை. சாம்பல் தட்டு நிரம்பி, காற்று வழி அடைபட்டு, நெருப்புச் செத்துப்போனது. இலட்சுமி மட்டும் வீட்டில் இருந்தாள், குளிரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பத்திரிகைத் தாளும் சுள்ளியும் வைத்து ஊதிக்கொண்டிருக்க, அறை முழுக்கப் புகை. வேலிக்கு மேலால் ஒரு முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டு எலேனி. கிரேக்க நாட்டுக்காரி, ஏறக்குறைய என் வயது. புருஷன் கார் தொழிற்சாலையில். அவள் வீட்டிலிருந்தே சட்டைக் கைகள் தைத்துக் கொடுப்பாள், காலையிலிருந்து தையல் மெசின் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்திக்கிற இடம் மிகச் சிறியது. ஆதலால் அவள் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டுக் கேள்வியில்லாமல் வேலிப் பலகை ஒன்றை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தட்டை இழுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏன் அள்ளவில்லை என்று கேட்டாள். இலட்சுமியைப் பற்றி நான் எந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது? இரவில் கூடாது, கடவுள், வீடு என்று ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "சரி. காலமையில நான் அள்ளுறன்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், நான் வேலைக்குப் போன பிறகு, எலேனி வந்து எங்கள் பொயிலரின் சாம்பலை அள்ளி, கம்பியால் அடித்தட்டைக் குலுக்கி, இரண்டு வாளி கரி கொட்டிவிட்டுப் போவாள். போகும்போது மலரின் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பாள். சாம்பலைத் தன் வளவுச் சேற்றுப் பாதையில் கொட்டுவாள். நெருப்பு அதன்பிறகு அணையவேயில்லை. என் பத்து வருட அனுபவத்தைப் பற்றி அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

3

ஆனி மாதம் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் மலருக்கு மூன்றாம் நாள் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ்கிரீம்! ஊரிலிருக்கும் மாமிக்கு, மலரின் அம்மாவுக்கு, இதை எழுதவில்லை, எழுதியிருந்தால் அவர் அங்கேயே படுத்திருப்பார். அவரிடமிருந்து வந்த நீலக் கடிதத்தில் இடமில்லாமல் ஓரமெல்லாம் சுற்றி எழுதியிருந்தது. பத்தியத்துக்குச் சரக்குக் கறி எப்படி வைப்பது, எந்த இலையை அவித்து எத்தனை நாள் குளிக்க வார்ப்பது, பிள்ளைக்கு எப்படிச் சாம்பிராணிப் புகை பிடிப்பது. நொச்சிக்கும் பாவட்டைக்கும் நோர்த்கோட்டில் எங்கே போவது? வெறும் சுடுதண்ணீரைத்தான் வார்த்தோம். அது தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. விடியவும் மாலையும் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும். எலேனியின் புண்ணியம்.

குளியல் சரி, அறைதான் பிரச்சினை. பலகை வீடு. சுவரின் மேல்பக்கத்தில் காற்றுத் துவாரங்கள், மூடமுடியாதபடி கட்டியிருந்தார்கள். குளிர் அதனூடாக இறங்கி நேரே தொட்டிலில் விழுகிறது என்று மலர் அழுதாள். நான் கதிரையில் ஏறி, பழைய பத்திரிகைகளைச் சுருட்டி, ஒவ்வொரு துவாரமாக இறுக்கி அடைத்தேன். யன்னல் இடுக்குகளுக்கு ஒட்டுத்தாள். கதவின் கீழே பழைய சீலை. வேலை சுத்தம், நூல் நுழைய இடமில்லை. செய்து முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பிள்ளைகளைப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வருவார். நிறையை எழுதுவார், கேள்வி கேட்பார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு யன்னலைச் சாடையாகத் திறந்து வையுங்கள், பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி யெஸ் சொன்னோம். அவருடைய கார் போன சத்தம் கேட்டதும் நான் புதிதாக இன்னொரு ஒட்டுத்தாள் ஒட்டினேன். பச்சை உடம்புக்காரிக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் யன்னலைத் திறக்கச் சொல்கிறாளே, இவள் பிள்ளை பெற்றவளா என்று மலரிடம் கேட்டேன்.

4

துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. ஊரென்றால் வீடு நிறைந்திருக்கும். இங்கே ஐயரும் இல்லை, சொந்தமும் இல்லை. நானே மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மலர் தலை முழுகினாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வாணி என்று காதில் மூன்று தரம் சொன்னோம். பின்னேரம் எலேனி குடும்பத்துக்குப் பாயாசம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

இனிச் சாம்பிராணிப் புகை. சாம்பிராணி ஊரிலிருந்து பெட்டிக்குள் வந்திருந்தது. விமான நிலையத்தில் ஒருத்தன் அதை மணந்து பார்த்து, திரும்ப மணந்து, இன்னொருத்தனையும் கூப்பிட்டு மணக்கவிட்டுத்தான் தந்தான். தணலுக்குச் சிரட்டைக் கரி இல்லை. அதற்கென்ன, வீட்டில் அணையாத நெருப்பு இருக்கிறதே. பொயிலரின் கீழ்க் கதவைத் திறந்து, செக்கச்சிவந்த பிரிக்கெற் தணலை இரும்புத் தாச்சியில் வாரிக்கொண்டு போனேன். சாம்பிராணியைப் போட்டதும் அறை கோயில் மாதிரி மணத்தது. மலர் ஈரத் தலையைக் கதிரைச் சட்டத்துக்கு மேலால் விரித்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படியொரு ஆறுதலை நான் காணவில்லை.

புகை அடங்கியது. தாச்சியைத் தூக்கப் போனேன். "இருக்கட்டுமப்பா. அறை இப்பதான் சூடாயிருக்கு" என்றாள் மலர்.

உண்மைதான். அந்த வீட்டில் முதல் முறையாக ஓர் அறை சூடாக இருந்தது. தணலை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. எடுக்காததோடு விட்டேனா? போய் இன்னும் இரண்டு அகப்பை தணல் கொண்டுவந்து போட்டேன். மலர் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள். கதவைச் சாத்தி, கீழே சீலையை நன்றாக இடுக்கிவிட்டு, குசினிக்குப் போய்ச் சவ்வரிசியை ஊறவைத்தேன். மூன்று பொயிலரை ஆண்டவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் ஞாபகம் வரவில்லை. ஆலையில் நச்சுக் காற்று ஆலையோடு சேர்ந்தது, வீட்டில் சாம்பிராணித் தணல் வீட்டோடு சேர்ந்தது. இரண்டும் ஒரே நெருப்பு என்று என் புத்தியில் ஏறவேயில்லை.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். எலேனி பின்னேரம்வரை பொறுக்காமல், எள்ளுப் போட்ட பிஸ்கற் ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்தாள். பிள்ளையைக் காட்டு என்றாள். இருவரும் நல்ல நித்திரை, எழுப்ப வேண்டாம் என்றேன். குளிருக்குள் எப்படி என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்பக்கத்தைக் காட்டினேன். பொயிலரின் நெருப்பில் கொஞ்சம் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன், அறை சூடோ சூடு என்றேன்.

தட்டு நிலத்தில் விழுந்து உடைந்தது. எலேனி என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் கதவைத் திறந்து, கதிரையைத் தூக்கி யன்னல் கண்ணாடியில் அடித்துவிட்டாள். பிள்ளையை வாரி எடுத்தாள், சுற்றியிருந்த கம்பளி விழுந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. பின்வாசலால் வெளியே ஓடினாள். வெளியே மழைத்தூறல், தெற்கிலிருந்து வரும் ஐஸ் காற்று. என் பிள்ளை வெறும் சட்டையோடு அவள் கையில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வளவு முழுக்க அவளைத் துரத்தினேன். "விசரி! பிள்ளையைத் தாடி! குளிரில சாகப்போகுது!" என்று தமிழில் கத்திக்கொண்டே பறிக்கப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி, பிள்ளையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள், திரும்பத் திரும்பச் சுண்டினாள். பிள்ளை அழவில்லை. அப்போதுதான் பார்த்தேன், பிள்ளையின் கழுத்து துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

எலேனி, எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி ஒரு சொல் சொன்னாள். "மலர்" என்றாள்.

ஓடினேன். கதவடியில் நிற்கவே தலை சுற்றியது. மலரைக் கூப்பிட்டேன், எழும்பவில்லை. கைகள் இரண்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்படிக்கு வந்தேன். மழை முகத்தில் பட்டது. கன மணித்தியாலம் என்று எனக்குத் தோன்றிய ஒரு நேரத்துக்குப் பிறகு அவள் புரண்டு வாந்தி எடுத்தாள். அதே கணத்தில் வளவுக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் வந்தது. மெலிந்த, கோபமான குரல். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன், கந்தோர்க்காரர் கடைசியில் என் படிப்புக்கு முத்திரை குத்தியது உட்பட. அந்தச் சத்தத்துக்கு ஒன்றும் கிட்ட வராது.

5

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர், என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம், பிழைத்துவிட்டார்கள், இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் தோளில் தட்டினார். வீட்டுக்குப் போய்த் துவாரங்களைத் திறந்துவிடுங்கள் என்றார். ஒரு நேர்ஸ் படிவம் கொண்டுவந்தாள். தொழில் என்ற கட்டம் வந்தது. அன்றைக்கு மட்டும் 'களஞ்சிய உதவியாள்' என்று சின்ன எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

எலேனி சமையல் உடுப்போடேயே அம்புலன்ஸில் ஏறி வந்திருந்தாள். கண்ணாடி வெட்டிய கைக்குத் துணி சுற்றியிருந்தது. வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் கும்பிட்டேன். வளவுக்குள் வைத்து உன்னைக் கூடாத சொல்லால் பேசிவிட்டேன் என்றேன்.

"கத்தினது கேட்டது. எனக்கு நேரமில்லை" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும், நச்சுக் காற்றைப் பற்றி எங்கே படித்தாய் என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்வி. அவள் துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய ஊர் மலைக்கு மேலே. அங்கே பனி கொட்டும், எல்லா வீட்டிலும் தணல் சட்டி வைப்பார்கள். அவளுக்கு அப்போது இருபது வயது, முதல் பிள்ளைக்கு இரண்டு மாதம். தங்கச்சியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு ஆட்டுப் பட்டிக்குப் போயிருந்தாள்.

"திரும்பி வந்து கதவைத் திறந்தன். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சபடி படுத்திருந்தினம். கன்னமெல்லாம் சிவப்பு. அறை நல்ல சூடு. பாக்க வடிவா இருந்தது" என்றாள். துணியின் முடிச்சை இறுக்கினாள். "நித்திரை, எழுப்பக்கூடாதெண்டு நினைச்சன். சத்தம் கேளாமல் கதவைச் சாத்திப்போட்டு, சமைக்கப் போனன்."

நான் அழுதேன். நாலு பேர் பார்க்க, ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுதேன். அவள் அழவில்லை. எங்கள் இருவருக்கும் போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து குளிர்காலம் போய்விட்டது. அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியால் வந்ததும் அவளுடைய புருஷன்தான் யன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டான், காசு தரப் போனபோது கிரேக்கத்தில் ஏதோ ஏசினான். நேர்ஸ் அடுத்த தரம் வந்தபோது யன்னல் திறந்து கிடந்தது, நல்ல தாய் தகப்பன் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். வாணி வளர்ந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லச் சொன்னால் நாலோடு நின்றுவிடுவாள், கிரேக்கத்தில் இருபதுவரை சொல்வாள். மாமிக்கு எழுதும்போது இதையும் நான் எழுதுவதில்லை. எனக்கு இதில் கவலை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்கள் அவளுக்கு எங்கிருந்து வந்தன என்று நினைத்தால் குறை சொல்ல வாய் வராது.

எலேனி இப்போதும் ஒவ்வொரு நாளும் வருகிறாள். அள்ளுவதற்குச் சாம்பல் இல்லாவிட்டாலும் வருகிறாள். நேற்றுப் பின்னேரம் வந்தபோது வாணி பள்ளிக்கூடக் களைப்பில் அறைக்குள் படுத்திருந்தாள். இந்த ஐந்து வருடத்தில் எலேனி எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட அந்தப் பிள்ளையை நித்திரையில் விட்டுவிட்டுப் போனதில்லை. நேராக அறைக்குள் போய், தோளைப் பிடித்து உலுக்கி, அவள் கண்ணைத் திறந்து, எரிச்சலோடு ஒரு சொல்லாவது சொல்லும்வரை விடமாட்டாள். பிறகுதான் போர்வையை இழுத்துவிட்டு, இனிப் படு என்பாள். நேற்றும் வாணி சிணுங்கினாள். "அப்பா, டெல் ஹெர் டு ஸ்டொப்" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் அறை வாசலில் நின்றுகொண்டு, "எழும்பு பிள்ளை, எலேனி மாமிக்கு ஒருக்கால் முகத்தைக் காட்டு" என்றேன்.